கல்லுக்கும் ஊர் உண்டு

வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று: பிள்ளைக்கு ஊர் எது, குடும்பம் எது, வயது என்ன? உத்தியோகமும் சம்பளமும் அப்புறந்தான் என்று சொல்லிக்கொள்வார்கள்; நம்புகிறவர்கள் நம்பலாம். ஆகாசத்திலிருந்து ஒரு கல் வந்து விழுந்தால் விஞ்ஞானிகளும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வயதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு வெகு காலமாகக் கைவந்த வித்தை. குடும்பத்தையும், கல்லை அறுத்துப் பார்த்து ஒருவாறு சொல்லிவிடுவார்கள். ஊர் ஒன்றுதான் இருநூறு வருஷங்களுக்கு மேலாக அவர்களுக்குத் தண்ணீர் காட்டி வந்தது. 2024-ஆம் வருஷத்தில் அந்தக் கேள்விக்கும் பெருமளவு விடை கிடைத்திருக்கிறது. கிடைத்த விடை சற்று விபரீதமானது. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றி விஸ்தாரமாகவே பேசலாமென்று உத்தேசம்.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் வானத்தில் கோடு கிழித்துக்கொண்டு மறையும் எரிநட்சத்திரங்களில் பெரும்பாலானவை மணலளவு தூசிகள். அவை தரைக்கு வருவதில்லை. எரிந்தது போக மிச்சமாய்த் தரையில் வந்து விழுவதே விண்கல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே லட்சக்கணக்கான சிறு கிரகங்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. விண்கற்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதுவே பூர்வீகம். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி, நமது பூமியின் பாதைக்கு அருகே வந்து போகும் சிறு கிரகங்களும் உண்டு. 1898-இல் பெர்லின் நகரத்தில் கஸ்டவ் விட் என்பவர் கண்டுபிடித்த ஈராஸ் அவற்றில் முதலாவது. இப்போது 35,000-க்கு மேல் கணக்கில் வந்துவிட்டன.

இவற்றில் ஓர் அதிசயம் இருக்கிறது. பூமிக்கு அருகே வந்து திரியும் கல்லுக்கு ஆயுள் சொற்பம். சில லட்சம் வருஷத்திலிருந்து ஒரு கோடி வருஷம் வரை சுற்றும். பிறகு சூரியனில் விழும், அல்லது ஏதாவது ஒரு கிரகத்தில் மோதும், அல்லது சூரிய மண்டலத்தை விட்டே போய்விடும். பூமிக்கோ 450 கோடி வயதுக்கு மேலாகிறது. முதலில் இருந்த கற்கள் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீராமல் இருப்பதால், எங்கிருந்தோ ஊற்று சுரந்துகொண்டே இருக்கிறது என்பது நிச்சயம். அந்த ஊற்றுக்கண் எங்கே?

ஊற்றைத் தேடுவதற்கு முன்னால், வானத்திலிருந்து கல் விழும் என்பதையே பண்டிதர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் குடியானவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால், பாமரர்களின் பிரமை என்று பண்டிதர்கள் சிரித்தார்கள். 1794-இல் ஜெர்மானியரான கிளாட்னி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சைபீரியாவில் அகப்பட்ட ஒரு பெரிய இரும்புப் பாறையும் அது போன்றவையும் ஆகாசத்திலிருந்து வந்தவையே என்று அதில் சாதித்தார். அவரையும் பரிகாசம் செய்தார்கள். 1803-ஆம் வருஷம் ஏப்ரல் 26 அன்று பிரான்ஸில் லேகிள் என்ற ஊரைச் சுற்றிச் சுமார் மூவாயிரம் கற்கள் பட்டப்பகலில் பொழிந்தன. அரசாங்கம் பியோ என்ற இளம் விஞ்ஞானியை விசாரிக்க அனுப்பியது. அவர் கிராமம் கிராமமாகப் போய், பாதிரியாரிடமும் மாட்டுக்காரனிடமும் ஒன்றுபோல வாக்குமூலம் வாங்கி, கல் விழுந்த இடங்களைப் படமாக வரைந்து, பாமரர்கள் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1801 ஜனவரி முதல் தேதி இரவு, பலெர்மோ நகரத்தில் பியாட்ஸி முதல் சிறு கிரகமான ஸீரிஸைக் கண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாருக்கும் உடனே தோன்றவில்லை. சந்திரனிலுள்ள எரிமலைகள் கக்கிய கற்களாக இருக்கலாம் என்று மகா கணித நிபுணரான லாப்லாஸே சொல்லி வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்க. விழுந்த கல்லின் ஊரைத் தெரிந்துகொள்ள, அது வந்த வழியைத் தெரிந்துகொண்டால் போதாதா? இந்த எண்ணத்தில்தான் வானத்தை நோக்கிக் காமிராக்களை வைத்துக் காத்திருந்தார்கள். 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாகியாவில் பிரிப்ராம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெரிய தீப்பிழம்பு பாய்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து அதைப் படம் பிடித்ததால், செப்லெகா என்ற வான சாஸ்திரி அதன் பாதையைக் கணக்கிட்டு, கல்லையும் தேடி எடுக்கச் செய்தார். சூரியனிலிருந்து மிகத் தூரத்தில் அதன் பாதை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே போய்த் திரும்பியது. இப்படி வழி தெரிந்த கற்கள் இன்று ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

இவற்றுள் மிக ருசிகரமானது ஸுடான் தேசத்துக் கல். 2008 அக்டோபர் 6-ஆம் தேதி, அமெரிக்காவில் அரிஸோனா மலை ஒன்றின் மேலிருந்த டெலஸ்கோப்பில் பதின்மூன்று அடி அகலமுள்ள ஒரு பாறை தென்பட்டது. கணக்குப் போட்டார்கள், இன்னும் சுமார் 20 மணி நேரத்தில் அது ஸுடானின் பாலைவனத்துக்கு மேல் வந்து மோதும் என்று விடை வந்தது. விருந்தாளி வாசலுக்கு வருமுன் தந்தி வந்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. உலகமெங்கும் டெலஸ்கோப்புகளை அதன் பக்கம் திருப்பி அதன் ஒளியை அளந்தார்கள். மறுநாள் விடியற்காலையில், சொன்னது சொன்னபடி அது ஆகாசத்தில் வெடித்தது.

அத்துடன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள், பாறை அவ்வளவு உயரத்தில் சிதறிப்போனபடியால். ஆனால் டிஸம்பர் மாதத்தில் கார்ட்டூம் சர்வகலாசாலையைச் சேர்ந்த முவாவியா ஷதாத் என்பவரும், அமெரிக்காவிலிருந்து வந்த பீட்டர் ஜென்னிஸ்கென்ஸும் மாணவர்களை அழைத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார்கள். எல்லோரும் வரிசையாக நின்று, மணலைப் பார்த்தபடியே நடந்தார்கள். களத்து மேட்டில் சிந்திய நெல்லைப் பொறுக்குவது போலக் கறுப்புக் கற்களைப் பொறுக்கினார்கள். நாளடைவில் சுமார் 600 துண்டுகள் சேர்ந்தன. பக்கத்தில் ஊர் ஒன்றும் கிடையாது, ரயில்பாதைதான் உண்டு. ஊரில்லாத பாலைவனத்தில் ஸ்டேஷன்களுக்கு நம்பர்தான் பெயர். விண்கல்லுக்கு அது கிடைத்த இடத்தின் பெயரை வைப்பது சம்பிரதாயம். ஆகவே அந்தக் கற்களுக்கு ‘அல்மஹாடா ஸிட்டா’, அதாவது ‘ஆறாம் நம்பர் ஸ்டேஷன்’ என்று பெயராயிற்று. (இந்தச் சம்பிரதாயத்தின்படி ‘கோடைக்கானல்’ என்ற பெயருடைய விண்கல்லும் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

துண்டுகளை ஆராய்ந்ததில் இன்னொரு வேடிக்கை வெளிப்பட்டது. பெரும்பாலானவை ஒரே அபூர்வ ஜாதி. ஆனால் நடுநடுவே முற்றிலும் வேறு குடும்பத்துக் கற்களும் கலந்திருந்தன. ஆகவே அந்தப் பதின்மூன்று அடிப் பாறையே, எப்போதோ மோதி நொறுங்கிய பல கிரகத் துணுக்குகள் ஒட்டிச் சேர்ந்த கூட்டாஞ்சோறு!

கல் வந்த வழி தெரிந்துவிட்டது; விழுவதற்கு முன்பே அதன் ஒளியையும் அளந்தாயிற்று. அப்படியும் ஊர் தெரியவில்லை. காரணம் எளிது. எழும்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவரின் கையில் விழுப்புரத்து டிக்கெட் இருக்கலாம். அவர் விழுப்புரத்தில் பிறந்தவர் என்று ஆகிவிடுமா? அங்கே வண்டி மாறியிருப்பார். அதற்கு முன்னால் எத்தனை வண்டி மாறினாரோ? பூமிக்கு வரும் கல்லின் கடைசிப் பாதை கடைசி வண்டியின் டிக்கெட் மாத்திரந்தான். முன்னால் வந்த வண்டிகளைத் தெரிந்துகொள்ள, இந்த ரயில்வேயை நடத்துகிறவர் யாரென்று பார்க்க வேண்டும்.

நடத்துகிறவர் வியாழ பகவான். குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். சிறு கிரகங்களைப் பொறுத்த வரையில் அப்படிச் சொல்வதற்கில்லை. 1866-இல் டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அப்போது தெரிந்திருந்த நூற்றுக்கும் குறைவான சிறு கிரகங்களின் தூரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். சில தூரங்களில் ஒரு கிரகங்கூட இல்லாமல் வெற்றிடமாக இருந்தது. அவற்றில் ஒன்று சூரியனிலிருந்து சுமார் 23 கோடி மைலில் இருக்கிறது. அங்கே ஒரு கல் இருந்தால், வியாழன் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது சரியாக மூன்று சுற்றுச் சுற்றும். ஆகவே குறித்த காலத்துக்கு ஒரு முறை வியாழன் அதை ஒரே மாதிரி இழுக்கும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை, ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்து மெல்லத் தள்ளினாலும் ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறதல்லவா? அதேபோல அந்தக் கல்லின் பாதை நீண்டுகொண்டே போகிறது. முதலில் செவ்வாயின் பாதையைக் குறுக்கே வெட்டும். பிறகு பூமியின் பாதையை வெட்டும். இந்தப் பாதை நீளுவது எவ்வளவு தாறுமாறாக, திடீர் திடீரென்று நேர்கிறது என்பதை 1982-இல் ஜாக் விஸ்டம் கணக்கிட்டுக் காட்டினார். கூட்டத்தின் உள் ஓரத்தில் சனி பகவானும் இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். பூமிக்கு அருகே திரியும் சிறு கிரகங்களில் மிகப் பல இந்த இரண்டு வாசல்கள் வழியாக வந்தவைதாம்.

வாசல் தெரிந்தது. ஆனால் வாசலுக்கு மிகத் தூரத்தில் இருக்கும் கல் அங்கே எப்படி வந்து சேருகிறது? இதற்கு விடை சொன்னவரின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. ருஷ்யாவில் யார்கோவ்ஸ்கி என்று ஓர் எஞ்சினீயர் இருந்தார். வான சாஸ்திரம் அவருக்குப் பிழைப்பல்ல. ஓய்வு நேரத்து ஆசை. 1901 வாக்கில் சொந்தமாக ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டார். அவர் அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். பிரசுரத்தையும் யாரும் சீந்தவில்லை. ஆனால் எஸ்டோனியா தேசத்து இளைஞர் ஒருவர் 1909 வாக்கில் அதைப் படித்திருந்தார். அந்த இளைஞர் பின்னால் எர்ன்ஸ்ட் ஓபிக் என்ற பெரிய வான சாஸ்திரியாகி, நாற்பது வருஷத்துக்குப் பிறகு, பிரசுரம் கையில் இல்லாமலே, ஞாபகத்திலிருந்து அந்தக் கருத்தை 1951-இல் எடுத்துச் சொன்னார். இல்லாவிட்டால் யார்கோவ்ஸ்கியின் பெயர் இன்று ஒருவருக்கும் தெரிந்திராது.

கருத்து இதுதான். சித்திரை மாதத்தில் வெயில் உச்சிப் பொழுதில் செங்குத்தாக அடித்தாலும், உஷ்ணம் அதிகமாக இருப்பது பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு. சுழலும் சிறு கிரகத்துக்கும் அப்படியே பிற்பகல் பக்கந்தான் அதிகச் சூடு. அந்தச் சூடு கதிராக வெளியேறும்போது கல்லை மிக மெல்லிதாக எதிர்ப்புறம் தள்ளுகிறது. சுழற்சி ஒரு திசையில் இருந்தால் கல் சூரியனை விட்டு மெல்ல விலகும். மறு திசையில் இருந்தால் நெருங்கும். கோலெவ்கா என்னும் சிறு கிரகம் 1991-லிருந்து 2003-க்குள், மற்றக் கணக்குகளெல்லாம் சொன்ன இடத்திலிருந்து ஒன்பது மைல் தள்ளிப் போயிருந்ததை ரேடார் மூலம் அளந்து இதை ருசுப்படுத்தினார்கள். அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பாறையைத் தள்ளிய சக்தி ஏறக்குறைய இரண்டரைத் தோலா எடைக்குச் சமம்! ஆனால் கோடி வருஷம் விடாமல் தள்ளினால் இரண்டரைத் தோலாவும் வேலை செய்யும். கல் சிறியதாக இருக்க இருக்க நகர்வது வேகம். இப்படித்தான் அது ஊரை விட்டு நகர்ந்து குருவின் வாசலுக்கோ சனியின் வாசலுக்கோ வந்து சேருகிறது.

இனி குடும்பத்துக்கு வருவோம். கல்லின் மீது பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன என்று தெரியும். 1970-இல் மூன்று அமெரிக்கர்கள் வெஸ்டா என்ற சிறு கிரகத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். எரிமலைக் குழம்பு உறைந்தது போன்ற ஒருவகை விண்கல்லின் சாயல் அதில் அப்படியே இருந்தது. ஆனால் வெஸ்டா இருக்கும் இடம் வாசலுக்கு எட்டாத தூரம். 1993-இல் பின்ஸெல், ஷூ என்ற இருவர், வெஸ்டாவிலிருந்து வாசல் வரையில் அதே நிறமுள்ள சிறு துணுக்குகள் வரிசையாகச் சிதறிக் கிடப்பதைக் கண்டார்கள். 2011-இல் ‘டான்’ என்ற விண்கலம் வெஸ்டாவுக்கே போய்ப் பார்த்தபோது, தென் துருவத்தில் சுமார் 310 மைல் அகலமுள்ள ஒரு பள்ளம் இருந்தது. வெஸ்டாவின் குறுக்களவே சுமார் 325 மைல்தான். அங்கே அடித்த அடியில் தெறித்தவையே அந்தத் துணுக்குகள். வழக்கு முடிந்தது.

ஆனால் இது நூற்றில் ஆறு கற்களின் வழக்குத்தான். விழும் கற்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வேறொரு சாதாரண ஜாதி. உடைத்துப் பார்த்தால் உள்ளே கடுகு கடுகாக உருண்டைகள் இருக்கும். இரும்பு அதிகமாக உள்ளது ‘ஹெச்’, குறைவாக உள்ளது ‘எல்’, மிகவும் குறைந்தது ‘எல்-எல்’ என்று இவற்றில் மூன்று கிளைகள். இந்தச் சாதாரணக் கற்களுக்குத்தான் ஊர் அகப்படாமல் இருந்தது. அவற்றின் நிறத்துக்குச் சரியாக ஒத்துவரும் சிறு கிரகம் வானத்தில் அநேகமாகக் காணோம்! ஒத்துவரக்கூடியவை எல்லாம் சற்றுச் சிவந்து மங்கிக் கிடந்தன. வெயிலில் அலைந்து முகம் கறுத்தவரைப் பழைய போட்டோவை வைத்து அடையாளம் காண முடியாத கதைதான். 2005-இல் ஜப்பானியரின் ‘ஹயபூஸா’ விண்கலம் இடோகாவா என்ற சிறு கிரகத்தில் இறங்கியது. என்ஜின் கெட்டு, பல வாரம் தொடர்பே அறுந்து, மூன்று வருஷம் தாமதமாக 2010 ஜூன் மாதம் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு பொட்டலத்தைப் போட்டது. உள்ளே சுமார் 1,500 தூசிகள் இருந்தன. அவ்வளவுதான், ஆனால் அது போதும். தூசியின் உட்புறம் அசல் ‘எல்-எல்’ ஜாதி. மேற்புறம் மட்டும் சூரியக் காற்றினால் கறுத்திருந்தது. சாதாரணக் கற்களும் மங்கிய சிறு கிரகங்களும் ஒரே குலம் என்பது உறுதியாயிற்று.

குலம் உறுதியானால் போதுமா? அந்தக் குலத்தில் சிறு கிரகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே, எந்த வீடு? இங்கேதான் வயது உதவிக்கு வருகிறது. கல்லுக்கு வயது ஒன்றல்ல, மூன்று. பிறந்து சுமார் 456 கோடி வருஷம். அது எல்லாவற்றுக்கும் பொது. தாய்க்கிரகம் பலமாக அடிபட்டுச் சூடேறிய நாள் இன்னொன்று. கல்லுக்குள் சேரும் ஆர்கான் வாயுவைக் கொண்டு அது தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் மூன்றாவது. தாய்க்கிரகத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வரையில் கல்லின் மேல் வானவெளிக் கதிர்கள் படுவதில்லை. உடைந்து வெளியே வந்தது முதல் பட்டுப் பட்டு, ஹீலியம், நியான் அணுக்கள் அதில் புதிதாக உண்டாகின்றன. அவற்றை எண்ணினால் எத்தனை காலமாக அலைகிறது என்று தெரிந்துவிடும். ‘ஹெச்’ கற்களில் பல 70, 80 லட்சம் வருஷமாக அலைபவை. ‘எல்’ கற்களில் பலவற்றுக்கு விபத்து நடந்தது சுமார் 47 கோடி வருஷத்துக்கு முன்.

அந்த விபத்துக்குப் பூமியிலேயே ஒரு பஞ்சாயத்துப் பத்திரம் இருக்கிறது. ஸ்வீடன் தேசத்தில் கின்னகுல்லே என்ற குன்றின் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அறுத்து மெருகேற்றி வீட்டுத் தளத்துக்கும் ஜன்னல் திண்ணைக்கும் போடுவார்கள். ஒரு காலத்தில் கடலடி வண்டலாக இருந்த கல் அது. சங்குகளும் சிப்பிகளும் உள்ளே கிடக்கும். சில பலகைகளில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும். வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அந்தப் பலகைகளைக் கழித்துவிடுவது வழக்கம். அந்தத் திட்டுகள் 47 கோடி வருஷத்துக்கு முன் கடலில் விழுந்து புதைந்த விண்கற்கள்! பிர்கர் ஷ்மிட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களிலிருந்து கல்வெட்டுக்காரர்களின் உதவியோடு நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சேகரித்தார்கள். ஒன்றே ஒன்று தவிர மற்றவையெல்லாம் ‘எல்’ ஜாதி. அந்தக் காலத்தில் இன்றைக்கு விழுவதைப்போல நூறு மடங்கு வரை கல்மாரி பெய்திருக்கிறது. அடி வரிசையிலுள்ள கற்கள் அலைந்தது ஏறக்குறைய ஒரு லட்சம் வருஷந்தான். மேல் வரிசைக்குப் போகப் போக அலைச்சல் பத்து லட்சம் வருஷம் வரை கூடிக்கொண்டே போகிறது. விபத்து நடந்த நாளையும், வந்து சேர்ந்த வேகத்தையும் இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதி வைக்க முடியாது.

இப்போது வானத்தில் செய்த துப்பறியும் வேலையைப் பார்ப்போம். ஒரே பெரிய கிரகம் உடைந்து உண்டான துணுக்குகள், உடைந்த பின்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பாதையில் கும்பலாகப் போகும். அவற்றை வம்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 2002-இல் நெஸ்வோர்னி என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் காரின் என்ற வம்சத்தின் பாதைகளைக் கணக்கிலே பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பிலிம் சுருளைத் தலைகீழாகச் சுற்றினால் உடைந்த பானை கூடிக்கொள்ளும் அல்லவா? 58 லட்சம் வருஷம் பின்னால் போனதும் துணுக்குகளின் பாதைகளெல்லாம் சட்டென்று ஒரே இடத்தில் கூடின. பானை உடைந்த தேதி அதுதான்.

2024-இல் பிரோஷ், மார்ஸெட், வெர்னாட்ஸா ஆகியோரும் அவர்கள் குழுவினரும் இந்தச் சரடுகளையெல்லாம் ஒன்றாகத் திரித்தார்கள். நிறம், உடைந்த தேதி, வாசல், அலைந்த காலம் எல்லாவற்றையும் வம்சத்துக்கு வம்சம் ஒத்துப் பார்த்தார்கள். ‘எல்’ கற்களின் வீடு மஸாலியா என்ற சிறு கிரகத்தின் வம்சம் என்று முடிவு வந்தது. 47 கோடி வருஷத்துக்கு முந்திய ஸ்வீடன் கல்மாரியும் அதிலிருந்தே. சுமார் 4 கோடி வருஷத்துக்கு முன் அது மறுபடி அடிபட்டுத் தெறித்ததே இன்றைய ‘எல்’ கற்கள். ‘ஹெச்’ கற்களின் வீடு காரின் வம்சமும், அதன் உறவான கொரோனிஸ் வம்சத்தில் சுமார் 76 லட்சம் வருஷத்துக்கு முன் நடந்த ஓர் உடைப்பும். (மஸாலியாவுக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1852-இல் நேப்பிள்ஸில் ஒருவரும், மறுநாள் இரவே மார்ஸேல்ஸில் மற்றொருவரும் அதைக் கண்டார்கள். முதலில் கண்டவர் நேப்பிள்ஸ்காரர். பெயர் என்னவோ மார்ஸேல்ஸின் பழைய கிரேக்கப் பெயர்!)

ஆக, நூற்றுக்கு எழுபது விண்கற்கள் மூன்று வீட்டுப் பிள்ளைகள்! விபரீதம் என்று சொன்னேனே, அது இதுதான். கல்கத்தாவிலும் லண்டனிலும் காட்சிசாலை அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் கற்களைப் பார்த்துச் சூரிய மண்டலத்தின் முழு மாதிரி கையில் இருக்கிறது என்று எண்ணி வந்தோம். இப்போது பார்த்தால், அண்மைக் காலத்தில் நடந்த சில விபத்துக்களின் சிதறல்தான் அலமாரியில் நிறைந்திருக்கிறது. பானை உடைந்த புதிதில் சிறு ஓடுகள் ஏராளமாக இருக்கும். நாளாக ஆக அவை ஒன்றோடொன்று மோதித் தூளாகிவிடும். ஆகவே பழைய பெரிய வம்சங்களிலிருந்து வருவது குறைவு. நேற்று உடைந்த வீட்டிலிருந்து வருவது அதிகம். ஒரு கோடி வருஷம் முன்போ பின்போ நாம் காட்சிசாலை வைத்திருந்தால் அலமாரியில் வேறு கற்கள் இருந்திருக்கும்.

விழும் கற்களெல்லாம் சிறு கிரகங்களிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. 1865 ஆகஸ்டு 25 அன்று பீஹாரில் கயாவுக்குப் பக்கத்திலுள்ள ஷேர்காட்டியில் விழுந்த கல், செவ்வாய்க் கிரகத்துக் கல். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயு, 1976-இல் செவ்வாயில் இறங்கிய விண்கலம் அளந்த காற்றோடு ஒத்திருப்பதை 1983-இல் கண்டார்கள். அந்தக் குடும்பத்துக்கே உலகமெங்கும் ‘ஷேர்காட்டைட்’ என்று பீஹார்க் கிராமத்தின் பெயர்தான்.

இந்த ஊர் விசாரணை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. 2013 பிப்ரவரி 15 அன்று காலையில் ருஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் சுமார் 65 அடி அகலமுள்ள பாறை வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தபடியால் எந்த டெலஸ்கோப்பும் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. பளீரென்ற வெளிச்சத்தைப் பார்க்க ஜனங்கள் ஜன்னலண்டை ஓடி வந்து நின்றார்கள். சத்தமும் அதிர்ச்சியும் ஓரிரு நிமிஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தன. கண்ணாடிகள் உடைந்து, ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம். அந்தப் பாறை ‘எல்-எல்’ ஜாதி. விழும் கற்களில் ‘எல்-எல்’ நூற்றுக்கு எட்டுத்தான். ஆனால் பூமிக்கு அருகே திரியும் பெரிய சிறு கிரகங்களை எடுத்துக்கொண்டால், ‘எல்-எல்’ சாயலே அவற்றில் பெரும்பான்மை என்று வெர்னாட்ஸா 2008-லேயே காட்டியிருந்தார். அலமாரியிலுள்ள கற்கள் ஒரு வீட்டிலிருந்து வருகின்றன; தலையில் விழக்கூடிய பாறைகள் பெரும்பாலும் ஃப்ளோரா போன்ற வேறு பழைய, பெரிய வம்சங்களிலிருந்து வருகின்றன. 2022 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க விண்கலம் ஒன்று டைமார்ஃபஸ் என்ற சிறு பாறையில் வேண்டுமென்றே மோதி, அது தன் பெரிய கூட்டாளிப் பாறையைச் சுற்றும் காலத்தில் அரை மணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. ஆகவே பாறையைத் தள்ள முடியும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தள்ளப்போவது கெட்டிப் பாறையா, ஆறாம் நம்பர் ஸ்டேஷன் கூட்டாஞ்சோறா என்பதை அறியாமல் தள்ளுவது, நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கோடைக்கானல் கல்லை நான் மறந்துவிடவில்லை. 1898-இல் பழனி மலையில் கண்டெடுத்த சுமார் 16 கிலோ இரும்புக் கட்டி அது. சூரியனை ஆராயும் நிலையம் கோடைக்கானலுக்கு வந்தது 1899-இல். வான சாஸ்திரிகளை விண்கல் ஒரு வருஷம் முந்திக்கொண்டது. இரும்புக்குள் கண்ணாடி போன்ற கல் துணுக்குகள் பதிந்திருக்கின்றன. அவற்றுக்கு வயது சுமார் 370 கோடி வருஷந்தான். மற்ற விண்கற்களின் வயதோடு பார்த்தால் அவை பிற்பாடு ஏதோ ஒரு பெரும் மோதலில் உருகியிருக்க வேண்டும். இந்த இரும்பு ஜாதிக்கும் ‘ஹெச்’ கற்களுக்கும் பிராணவாயுவின் கலப்பு வெகு நெருக்கமாக ஒத்திருப்பதால், இரண்டுக்கும் தாய் ஹீபி என்ற சிறு கிரகந்தான் என்று 1998-இல் காஃபி, கில்பர்ட் என்ற இருவர் கூறினார்கள். வெகு நாள் அதுவே பாடமாக இருந்தது. சிலி தேசத்துப் பெரிய டெலஸ்கோப்பில் ஹீபியைப் படம் பிடித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிலுள்ள மிகப் பெரிய பள்ளமும், தெறித்ததாகச் சொன்ன கற்களின் அளவுக்குப் போதவில்லை. இப்போது ‘ஹெச்’ கற்கள் காரின், கொரோனிஸ் வீடுகளுக்குக் குடிபோய்விட்டன. இரும்பின் சமாசாரம் வேறு. கல் தூளாகும் இடத்தில் இரும்பு தேயாமல் பல கோடி வருஷம் அலையும். ஆகையால் அது ‘ஹெச்’ கற்களோடு கூடவே கிளம்பியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உறவு என்று சொல்லி வந்த இரண்டில் ஒன்று வீடு மாறிவிட்டது. மற்றொன்றான கோடைக்கானல் இரும்பு ஹீபி வாசலிலேயே நிற்பதா, புது வீட்டுக்குப் போவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.